முந்திரி தரம்பிரிக்கும் இயந்திரத்தின் மென்பொருள்: காப்புரிமை வாங்கலாமா, உரிமச் சிக்கல் எங்கே?

#1 கெடிலக்கரை

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து முந்திரிக் கூடங்களுக்காகச் சிறிய தரம்பிரிக்கும் இயந்திரம் ஒன்று தயாராகிறது. தோல் நீக்கிய பருப்பு கறுப்பு பெல்ட்டில் வரும். மேலே ஒரு கேமரா. ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் பைத்தான் நிரல், படம் ஆராயும் ஓபன்சிவி நூலகம், படத்தில் பொருளை இனம் காணும் நரம்பு வலையான யோலோ வி8. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற முழுப் பருப்புத் தரங்கள், கருகல், பிளவு என்று இனம் கண்டு காற்று முனையால் தனித்தனித் தொட்டியில் தள்ளும். திரை பைக்யூட்டி 5 என்ற பைத்தான் திரை நூலகத்தில் எழுதியது, தமிழுக்கு லதா எழுத்துரு. நிரலில் ஒரு பங்கு வெளியாளிடம் கூலிக்கு எழுதி வாங்கியது, ஒரு பங்கு கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட்.

இந்த மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா? கிடைத்தாலும் வாங்குவது சரியா? வேறு யாராவது வழக்குப் போடும் வாய்ப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நெறியாளர்

பேச்சு தொடங்குமுன் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்களில் பேடன்ட்டுக்கும் காப்புரிமை, காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்றே எழுதுகிறார்கள். "காப்பி"யும் "காப்பு"ம் காதில் ஒன்றாக விழுவதால் வந்த குழப்பம். இந்த இழையில் பேடன்ட் என்றால் காப்புரிமை, காப்பிரைட் என்றால் பதிப்புரிமை, லைசென்ஸ் என்றால் உரிமம். உரிமை உடையவர் கொடுக்கும் அனுமதிதான் உரிமம். கடைசி எழுத்தைப் பார்த்துப் படியுங்கள்.

#3 சங்கராபரணி

சட்டப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1970 காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) இப்படிச் சொல்கிறது: கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா. 2002 திருத்தத்தில் வந்து 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த வாசகம் இது. இருபது ஆண்டுச் சண்டை முழுவதும் "தன்னளவிலான" என்ற ஒரே அடைமொழியைச் சுற்றித்தான்.

2004 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொழிலில் தொழில்நுட்பப் பயன்பாடு உள்ள நிரலுக்கும், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் விலக்குக் கொடுத்து 3(கே)-வைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அந்தத் தளர்வு நீக்கப்பட்டுப் பழைய வாசகமே நின்றது. நாடாளுமன்றம் இந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடியது என்பதை வாதத்தில் எப்போதும் நினைவில் வையுங்கள்.

பிறகு வழிகாட்டுதல்களின் காலம். 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் வெளியிட்டதை எதிர்ப்புக்குப் பின் அதே டிசம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2016 பிப்ரவரியில் வந்தது கடுமையானது: பங்களிப்பு நிரலில் மட்டும் இருந்தால் நிராகரி, புதுமையான வன்பொருளும் சேர்ந்து இருந்தால் மேலே பார் என்றது. 2017 ஜூனில் அந்தப் புது வன்பொருள் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில், தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ காட்டினால் நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்றது. இன்றைய ஆய்வாளர் இந்தச் சட்டகத்தில்தான் விண்ணப்பத்தைப் பார்க்கிறார்.

உங்கள் பொருளுக்கு வருவோம். "படத்தை வாங்கி, வகைப்படுத்தி, தரத்தைச் சொல்லும் முறை" என்று கோரிக்கை (எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று எல்லை குறிக்கும் வாசகம்) எழுதினால் முதல் ஆய்வறிக்கையிலேயே 3(கே) வரும். பெல்ட், ஒளி, கேமரா, முனை, கட்டுப்பாட்டுப் பலகை சேர்ந்த ஓர் இயந்திரமாகவும், அது தீர்க்கும் பொறியியல் சிக்கலாகவும் எழுதினால் 3(கே) பெரிய தடையாக இருக்காது.

கடலூர் ஆனாலும் புதுச்சேரி ஆனாலும் விண்ணப்பம் போவது சென்னை கிண்டி அலுவலகத்துக்கு. மேல்முறையீடு மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு; 2023 முதல் அங்கே அறிவுசார் சொத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

#4 பரவனாறு

3(கே)-வைத் தாண்டுவது பெரிய காரியமில்லை சார், புதுமையைத் தாண்டுவதுதான் கஷ்டம். கேமரா பார்த்துக் காற்றால் தள்ளும் இயந்திரம் அரிசி ஆலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. "அரிசிக்குப் பதில் முந்திரி" என்பது புதுமைப் படிக்குப் போதாது. துறையில் வேலை தெரிந்தவருக்கு அது வெளிப்படை என்று ஆய்வாளர் ஒரே பத்தியில் முடித்துவிடுவார்.

கோரத்தக்க ஏதாவது இருக்கிறதென்றால் அது நேரக் கணக்கில் இருக்கலாம். பெல்ட் நொடிக்கு 0.5 மீட்டர், கேமராக் கோட்டிலிருந்து முனை 300 மில்லிமீட்டர் என்றால் பருப்பு முனைக்கு வர 600 மில்லிநொடி. பை 4-இல் படம் ஆராயும் நேரம் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். ஆராய்ந்து முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் 20 மில்லிநொடி முன்பின் ஆனாலே பருப்பு 10 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அது முழுப் பருப்பின் நீளத்தில் பாதிக்குக் கிட்ட. காற்று ஓரத்தில் பட்டுப் பருப்பு புரண்டு பக்கத்துத் தொட்டிக்குப் போகும். ஆகவே படம் எடுத்த கணத்தில், பெல்ட் நகர்வை எண்ணும் என்கோடரின் துடிப்பைக் குறித்து வைத்து, அதிலிருந்து எண்ண வேண்டும். இதுவும் பழைய உத்திதான். ஆனால் வளைந்த பருப்பு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று படத்திலேயே கண்டு, காற்றின் கால அளவை அதற்கேற்ப மாற்றுவதுபோல் ஏதாவது நீங்கள் செய்திருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் காப்புரிமைப் பேச்சை இங்கேயே விடலாம்.

தரத்தை விளக்கும்போதும் கவனம். டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழு வெள்ளைப் பருப்பு. எடையை வைத்து வந்த தரம். கேமரா பார்ப்பது பரப்பை. பரப்பிலிருந்து எடைக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்தின் விவரணத்தில் எழுதாவிட்டால் போதிய வெளிப்பாடு இல்லை என்ற ஆட்சேபம் தனியாக வரும்.

#5 தென்பெண்ணை

"வாங்குவது சரியா" என்ற கேள்வியை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

நிலத்துக்குப் பட்டா இருக்கிறது என்றால் சர்வே எண் இருக்கும், எல்லைக்கல் இருக்கும், அளந்து காட்டலாம். மென்பொருள் காப்புரிமைக்கு எல்லைக்கல் கிடையாது. "ஒரு செயலி, ஒரு நினைவகம், அதில் பொருத்தப்பட்ட ஒரு பகுதி" என்று எழுதுவார்கள். யாருடைய வயல் வரை அது நீளும் என்று வழக்கு முடியும்வரை எழுதியவருக்கே தெரியாது. தானாக யோசித்து எழுதியவரும் மாட்டுவார். பதிப்புரிமையில் நகலெடுத்தால்தான் குற்றம். காப்புரிமையில் நகலெடுக்காமலே மீறலாம். நிரல் எழுதும் தொழிலுக்கு இது பொருந்தாத சட்டம் என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

நடந்ததைப் பாருங்கள். ஜிஃப் படக் கோப்பில் இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்க முறைக்கு யூனிசிஸ் காப்புரிமை வைத்திருந்தது. கோப்பு வடிவம் உலகம் முழுக்கப் பரவிய பிறகு, 1994 கடைசியில் கட்டணம் கேட்டது. அதற்காகவே பிஎன்ஜி என்ற படக் கோப்பு வடிவம் பிறந்தது. அந்த அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில்தான் முடிந்தது. பிசிப் சுருக்கி முதலில் எண்கணிதக் குறியாக்கத்தில் வந்தது. காப்புரிமைப் பயத்தால் பிசிப் 2-இல் ஹஃப்மன் குறியாக்கத்துக்கு மாறினார்கள். உங்கள் ஓபன்சிவியிலேயே, படத்தில் அடையாளப் புள்ளி தேடும் சிஃப்ட் முறை 2020 மார்ச்சில் காப்புரிமை காலாவதி ஆகும்வரை மையத் தொகுப்புக்கு வெளியே கிடந்தது. அதற்கு மாற்றாக ஓஆர்பி என்று ஒன்றை 2011-இல் எழுத வேண்டியிருந்தது. இந்த உழைப்பில் பெரும் பகுதி வேலிக்கு வெளியே நடப்பதற்காகச் செலவானது.

காப்புரிமைக் காலமான 20 ஆண்டு என்பது மருந்துக்குப் பொருந்தலாம். நிரல் உலகில் 20 ஆண்டு முன் ஓடிய கணினி இன்று காயலான் கடையில் கிடக்கிறது.

#6 வெள்ளிக் கடற்கரை

தென்பெண்ணை அண்ணன் சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். பெரிய நிறுவனத்தின் பார்வையிலிருந்து வந்த உதாரணங்கள் அவை. கடலூர் சிப்காட்டில் நாலு பேர் வைத்து வேலை செய்யும் பட்டறையை நினையுங்கள். இயந்திரம் ஓடுவதைப் பார்த்த மறு மாதமே, வார்ப்படம் முதல் விற்பனை ஆள் வரை எல்லாம் தயாராக வைத்திருக்கும் ஒரு பெரிய ஆலை அதையே பாதி விலைக்குப் போடும். பதிப்புரிமை அதைத் தடுக்காது; அவர்கள் நிரலைத் தொடாமல் தாங்களே எழுதிவிடுவார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(ஏசி) நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்து, சோதித்து, அதன் அடிப்படைக் கருத்தை அறிவதை அனுமதிக்கிறது. வணிக இரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தை வைத்துத்தான் போராட வேண்டும். சிறியவருக்குக் காப்புரிமையும் வேண்டாம் என்றால் அவர் கையில் மிஞ்சுவது என்ன?

#7 தென்பெண்ணை

நியாயமான கேள்வி தம்பி. மிஞ்சுவது அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்க அரை மணியில் காடாம்புலியூருக்குப் போய்ச் சேரும் வசதி, நம் ஊர்ப் பருப்பை வைத்துச் சேர்த்த படத் தொகுப்பு, பெயருக்கு ஒரு வணிகக் குறி. இயந்திர அமைப்புக்கு, அதாவது முனைக்கும் பெல்ட்டுக்கும், காப்புரிமை கேட்பதை நான் குறை சொல்லவில்லை. வகைப்படுத்தும் கணக்கைக் கோருவதைத்தான் எதிர்க்கிறேன். புள்ளிக் கோலத்தில் எத்தனை புள்ளிக்கு எத்தனை வரிசை என்ற கணக்கை ஒரு தெருக்காரர் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்த தெரு வாசலில் மாவு விழாது.

இன்னொன்று. காப்புரிமை கையில் இருந்தாலும் அதைச் செயல்படுத்த வழக்குப் போட வேண்டும். பெரிய ஆலை "உன் காப்புரிமையே செல்லாது" என்று எதிர்வழக்குப் போடும்.

#8 சங்கராபரணி

அந்தக் கடைசி வரியைச் சட்டப்படி நிரப்புகிறேன். பிரிவு 104-இன்படி மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் போட்டாலும், எதிராளி ரத்துக் கோரி எதிர்வழக்குத் தாக்கல் செய்த உடனே இரண்டும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். அதாவது சென்னைக்கு. இதைக் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய தொகை வழக்கு எப்படி இருக்கும் என்பதற்கு எரிக்சன் – லாவா. 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ரூ. 244 கோடி விதித்தது. பேச்சுக் குறியாக்கம் உள்ளிட்ட அந்தக் காப்புரிமைகளை அல்காரிதம் என்று சொல்லி லாவா 3(கே)-வைக் கிளப்பியது, எடுபடவில்லை. 3(கே) இருக்கிறது, நம் நாட்டில் மென்பொருள் காப்புரிமையே கிடையாது என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சை நம்பித் தொழில் செய்யாதீர்கள்.

வெளிநாட்டிலும் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்கத் தாராளம் 2014 ஆலிஸ் தீர்ப்போடு சுருங்கியது: பொதுக் கருத்தை எடுத்துக் "கணினியில் செய்" என்று சேர்த்தால் மட்டும் போதாது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலையில் மென்பொருள் காப்புரிமை நெறியாணையை 648-க்கு 14 என்ற கணக்கில் தள்ளியது. ஆனாலும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தொழில்நுட்பத் தன்மை காட்டினால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

#9 லாஸ்பேட்டை நிரலர்

எல்லாரும் இல்லாத காப்புரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதல் பதிவில் ஏற்கெனவே நாலு உரிமச் சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை. அந்த இயந்திரம் இன்று விற்கப்பட்டால் நாளைக்கே பிரச்சினை.

யோலோ வி8: உரிமம் ஏஜிபிஎல் 3, மூலத்தை (சோர்ஸ் கோட்) திறக்கச் சொல்லும் உரிமம். அதைச் சேர்த்த நிரலை வாங்குபவரிடம் கொடுத்தால், சேர்ந்த முழு நிரலின் மூலத்தையும் அதே உரிமத்தில் அவருக்குக் கொடுக்க வேண்டும். பயிற்றுவித்த மாதிரிக் கோப்புக்கும் அது பொருந்தும் என்பது வெளியிட்ட நிறுவனத்தின் நிலைப்பாடு; மூடி வைக்க விரும்புவோருக்கு வணிக உரிமம் விற்கிறது. மாதிரி எடைகள் (பயிற்சியில் நரம்பு வலை கற்ற எண்கள்) பதிப்புரிமைக்கு உட்பட்டவையா என்று வாதாடலாம். ஆனால் இரண்டு லட்ச ரூபாய் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நீங்கள் நடத்த வேண்டாம்.

மாற்று: யோலோ எக்ஸ், அதன் உரிமம் மூலத்தைத் திறக்கச் சொல்லாத அப்பாச்சி 2.0. அல்லது டார்ச்விஷன் நூலகத்தில் உள்ள மாதிரிகள், உரிமம் அதே வகையான பிஎஸ்டி. அதற்கும் முன் ஒரு கேள்வி: இங்கே நரம்பு வலை அவசியமா? கறுப்பு பெல்ட்டில் வெள்ளைப் பருப்பு, ஒளி மாறாத பெட்டிக்குள். வெளிச்ச வரம்பு வைத்துப் பிரித்து, எல்லைக் கோடு கண்டு, பரப்பும் நீள அகல விகிதமும் எடுத்தால் முழுப் பருப்பு, பிளவு தெரிந்துவிடும். கருகலுக்கு நிறப் பரவல் போதும். ஓபன்சிவி மட்டும் போதுமான வேலை. ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் பருப்பு மட்டும் தவறும். அதை ஊட்டும் தட்டின் அதிர்வைக் குறைத்துச் சரி செய்யலாம்.

ஓபன்சிவி: 4.5.0 முதல் அப்பாச்சி 2.0, அதற்கு முன் பிஎஸ்டி. இரண்டுமே உங்களுக்குச் சிக்கல் தராது, உரிம வாசகத்தைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அப்பாச்சியில் கூடுதல் நன்மை: பங்களித்தவர்கள் தங்கள் காப்புரிமையைப் பயன்படுத்தவும் அனுமதி கொடுக்கிறார்கள். அந்த மென்பொருள் உங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் அந்த அனுமதி போய்விடும். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் காப்புரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பைத்தானின் பிப் நிறுவி வழியாக இறக்கும் ஓபன்சிவி பொதிக்குள் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ நூலகம் சேர்ந்தே வரும், அது எல்ஜிபிஎல் 2.1 (உங்கள் நிரலை விட்டு நூலகத்தின் மூலத்தை மட்டும் திறக்கச் சொல்லும் உரிமம்), அதன் வாசகத்தையும் சேருங்கள்.

பைக்யூட்டி 5: இதுதான் பலரும் விழும் குழி. அடியில் இருக்கும் க்யூட்டி நூலகம் எல்ஜிபிஎல், அதனால் பைக்யூட்டியும் எல்ஜிபிஎல் என்று நினைப்பார்கள். இல்லை. பைக்யூட்டி, சேரும் நிரல் முழுவதையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் 3, அல்லது காசு கொடுத்து வணிக உரிமம். மூல நிரலைத் தர விருப்பமில்லை என்றால் அதே வேலை செய்யும் பைசைடு 6-க்கு மாறுங்கள், அது எல்ஜிபிஎல். மாற்றம் பெரிதில்லை: இறக்குமதி வரிகள், சிக்னல், ஸ்லாட் பெயர்கள், சில எண் மாறிலிகளின் முழுப் பெயர். சிறிய திரை நிரல் என்றால் ஒரு நாள் வேலை. மாறிய பின் நூலகத்தைத் தனிக் கோப்பாகவே விடுங்கள், பயனர் அதை மாற்றிப் போட முடிய வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் "பிரித்துப் பார்க்கக் கூடாது" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் எல்ஜிபிஎல்லோடு மோதும்.

எஸ்டி கார்டு: இயந்திரத்தோடு கொடுக்கும் கார்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் இருக்கிறது, ஜிபிஎல் 2. அதைக் கொடுக்கும் கணத்தில் நீங்கள் விநியோகிப்பவர் ஆகிறீர்கள். ஒன்று, மூலத்தைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். அல்லது கேட்பவருக்குக் கொடுப்போம் என்று மூன்று ஆண்டு செல்லுபடியாகும் எழுத்து வாக்குறுதி கொடுக்க வேண்டும். "இணையத்தில் கிடைக்கும், போய் எடுத்துக்கொள்" என்பது வணிக விற்பனைக்குப் போதாது. கார்டைப் படியெடுக்கும் அன்றே, அதில் உள்ள அதே பதிப்பு எண்களின் மூலப் பொதிகளை இறக்கி ஒரு வன்தட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் களஞ்சியத்தில் அடுத்த பதிப்புதான் இருக்கும். உங்கள் பைத்தான் நிரல் தனிச் செயலாக ஓடுவதால் கெர்னலின் ஜிபிஎல் அதைத் தொடாது. அந்தப் பயம் வேண்டாம்.

#10 கெடிலக்கரை

மிக்க நன்றி. ஏஜிபிஎல் என்பது இணையச் சேவைக்கு மட்டும் என்று நினைத்தோம். இயந்திரம் இணையத்தில் இல்லையே? இன்னொன்று, கிட்ஹப்பில் எடுத்த இரண்டு கோப்புகளில் உரிமம் எதுவுமே எழுதவில்லை. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்தானே?

#11 லாஸ்பேட்டை நிரலர்

இரண்டுமே தலைகீழ். ஏஜிபிஎல் என்பது ஜிபிஎல் 3-இன் கடமைகள் முழுவதும், அதற்கு மேல் இணையம் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலம் தர வேண்டும் என்ற பிரிவு 13. இணையம் இல்லையென்றால் பிரிவு 13 மட்டும் விலகும். கையில் கொடுப்பதற்கான கடமை அப்படியே நிற்கும். பில், அறிக்கை அச்சிட கோஸ்ட்ஸ்கிரிப்ட், ஐடெக்ஸ்ட் சேர்த்திருந்தாலும் இதே கதை, இரண்டும் ஏஜிபிஎல்.

உரிமம் எழுதாத நிரல் புறம்போக்கு நிலம் இல்லை. எழுதிய கணத்திலேயே எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு, பதிவு தேவையில்லை. அனுமதி எழுதவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே பொருள். அந்த இரண்டு கோப்பை எழுதியவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள், எம்ஐடி உரிமம் சேர்க்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், கோப்பைப் பார்க்காத ஒருவரிடம் தேவையை மட்டும் சொல்லிப் புதிதாக எழுத வையுங்கள்.

#12 தென்பெண்ணை

கட்டற்ற மென்பொருள் பக்கத்திலிருந்து ஒன்று. எல்லாத் தீர்வும் "எப்படி மூடி வைப்பது" என்றே போகிறது. மூலத்தைத் திறந்தே கொடுத்தால் என்ன? ஜிபிஎல் 3-இல் கொடுத்தால் முந்திரிக் கூடக்காரர் வேறு ஆளை வைத்தும் பழுது பார்க்கலாம்; அதுவே விற்பனைக்கு ஒரு காரணம். ஏரியைக் குடிமராமத்துச் செய்த ஊரில் எல்லாரும் தண்ணீர் பாய்ச்சினார்கள், ஆனால் வரப்பை வெட்டித் தன் பக்கம் மட்டும் திருப்ப யாருக்கும் உரிமை இருக்கவில்லை. ஜிபிஎல் கேட்பதும் அதுதான். அந்தப் பெரிய ஆலை உங்கள் நிரலை எடுத்தால் அவர்கள் திருத்தத்தையும் திறக்க வேண்டும். ஒரு வேளை மீறினாலும், முதல் முறை என்றால் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரி செய்தால் உரிமம் மீளும் என்று ஜிபிஎல் 3 வழி வைத்திருக்கிறது. ஜிபிஎல் 2-இல் அது இல்லை, மீறிய உடனே உரிமம் முடியும்.

#13 வெள்ளிக் கடற்கரை

அந்த ஆலை நிரலை இயந்திரத்துக்குள் வைத்து மூடிவிட்டு, ஜிபிஎல் என்று வெளியில் சொல்லவே இல்லை என்றால்? கண்டுபிடிக்கும் செலவும் சின்னவர் தலையில்தானே விழுகிறது. இருந்தாலும் மூலத்தைத் திறப்பது பழுது வேலைக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை. படத் தொகுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிரலைத் திறப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்றே தோன்றுகிறது.

#14 சங்கராபரணி

காப்புரிமை, உரிமம் இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நிரல் யாருடையது? முதல் பதிவின்படி, பெரும் பகுதி உங்களுடையது அல்ல.

பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17(சி): சம்பள வேலையில் எழுதியது முதலாளிக்கு. கூலி ஒப்பந்தத்தில் வெளியாள் எழுதினால் இது பொருந்தாது. காசு கொடுத்தாலும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். மாணவர்கள் யாருக்கும் ஊழியர் அல்லர், ஆகவே அவர்கள் எழுதியது அவர்களுக்கு. மாற்றிக்கொள்ள எழுத்துப் பத்திரமும் கையெழுத்தும் வேண்டும், பிரிவு 19. "சோர்ஸ் கோட் ஒப்படைக்கப்பட்டது, பணம் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீது மாற்றம் ஆகாது.

பத்திரம் எழுதினாலும் பிரிவு 19-இல் மூன்று பொறி உண்டு. காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டோடு முடியும். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். மாற்றிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, மாற்றம் காலாவதி. ஐந்தாவது ஆண்டில்தான் இது பலருக்குத் தெரியவரும். அதற்குள் எழுதியவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆகவே வாசகம் இப்படி இருக்கட்டும்:

"பின்னிணைப்பில் பட்டியலிட்ட கோப்புகள் அனைத்தின் பதிப்புரிமையையும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், ரூ. ___ பெற்றுக்கொண்டு, எழுதியவர் இதனால் நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறார். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19(4) இதற்குப் பொருந்தாது. பிறருடைய நிரல் எதையும் பின்னிணைப்பு 2-இல் குறிப்பிட்டதற்கு மேல் சேர்க்கவில்லை என்று எழுதியவர் உறுதி கூறுகிறார்."

பின்னிணைப்பு 2 வெறும் சடங்கு இல்லை. லாஸ்பேட்டைக்காரர் சொன்ன யோலோவும் பைக்யூட்டியும் அங்கேதான் வெளியே வரும். மாணவர்களுக்கும் ஒரு தொகை கொடுத்து இதையே எழுதுங்கள். கல்லூரிக்கு அறிவுசார் சொத்துக் கொள்கை இருந்தால் அதையும் வாங்கிப் படியுங்கள். காப்புரிமைக்குப் போனால் உண்மையில் யோசித்தவர் பெயர் கண்டுபிடிப்பாளராக இருந்தே ஆக வேண்டும். மாணவர் யோசித்திருந்தால் அவர் பெயர்.

#15 பரவனாறு

கட்டணம் பற்றி யாரோ தனியாகக் கேட்டிருந்தார். இணையவழியில், தனி நபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் என்றால் விண்ணப்பம் ரூ. 1,600, ஆய்வுக் கோரிக்கை ரூ. 4,000. பெரிய நிறுவனத்துக்கு ரூ. 8,000, ரூ. 20,000. சிறு தொழில் சலுகைக்குப் படிவம் 28-உம் உத்யம் சான்றும் வேண்டும். பத்துக் கோரிக்கைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ரூ. 320, முப்பது பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு ரூ. 160. கிடைத்த பின் மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்பு: முதல் நான்கு ஆண்டு ரூ. 800 வீதம், அடுத்த நான்கு ரூ. 2,400, அடுத்த ஐந்து ரூ. 4,800, கடைசி ஐந்து ரூ. 8,000. கூட்டினால் ரூ. 76,800. இது அரசுக் கட்டணம் மட்டும். முகவர் கூலி தனி, பெரும்பாலும் அதுதான் கூடுதல்.

தற்காலிக விவரணம் கொடுத்து 12 மாதத்துக்குள் முழு விவரணம். 18 மாதத்தில் வெளியாகும். ஆய்வுக் கோரிக்கை 31 மாதத்துக்குள். 2024 விதித் திருத்தத்துக்கு முன் 48 ஆக இருந்தது, பழைய குறிப்பை நம்பிக் கோட்டை விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல்: விண்ணப்பம் கொடுக்குமுன் யூடியூபில் வீடியோ போட்டால், கண்காட்சிக் கடையில் ஓட்டிக் காட்டினால், புதுமை போய்விடும். பொதுவில் சோதித்துப் பார்த்தே தீர வேண்டிய பொருளுக்கு ஓராண்டுச் சலுகை பிரிவு 32-இல் உண்டு. ஆனால் அது நியாயமான சோதனைக்கு மட்டும், விற்பனைக்கு இல்லை.

#16 கெடிலக்கரை

மிரட்டல் கடிதம் வந்தால் என்ன செய்வது? "உங்கள் இயந்திரம் எங்கள் காப்புரிமையை மீறுகிறது, ஏழு நாளில் பணம் கட்டு" என்று.

#17 சங்கராபரணி

பணம் கட்டாதீர்கள், பதறி மன்னிப்புக் கடிதமும் எழுதாதீர்கள். முதலில் காப்புரிமை எண் கேளுங்கள். அமெரிக்க எண் கொடுத்தால் அது இந்தியாவில் செல்லாது. இந்திய எண் என்றால் அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் போட்டு, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று மின்பதிவேட்டில் பாருங்கள். கட்டாமல் விட்ட காப்புரிமைகள் ஏராளம். உயிரோடு இருந்தால் கோரிக்கைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கூறும் உங்கள் இயந்திரத்தில் இருக்கிறதா என்று அட்டவணை போடுங்கள். முதல் கோரிக்கையில் ஒரு கூறு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் மீறல் இல்லை.

ஆதாரமற்ற மிரட்டல் என்றால் பிரிவு 106-இன்படி நீங்களே வழக்குப் போட்டு, மிரட்டலுக்குத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். "எங்களிடம் இப்படி ஒரு காப்புரிமை இருக்கிறது" என்று வெறும் தகவல் சொன்னால் அது மிரட்டல் ஆகாது. கடித வாசகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

போட்டியாளரின் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தால் பிரிவு 25(1) இருக்கிறது: வெளியான பின், வழங்குமுன், யார் வேண்டுமானாலும் படிவம் 7ஏ-இல் எதிர்க்கலாம். 2024 முதல் அதற்கும் கட்டணம் உண்டு. பழைய அரிசி இயந்திரக் கையேடு, தேதியுள்ள வீடியோ, வெளியிட்ட நிரல் எல்லாம் ஆதாரம். தென்பெண்ணையாருக்குப் பிடிக்கும் செய்தி: நிரலைத் தேதியோடு திறந்து வெளியிட்டு வைத்தால் அதுவே நாளைக்கு மற்றவரின் கோரிக்கைக்கு எதிரான முன்சான்று, அதாவது இது முன்பே இருந்தது என்பதற்கு ஆதாரம்.

#18 தென்பெண்ணை

அதற்காகவே வெளியிடுங்கள் என்கிறேன். வெறும் நிரலைப் போட்டால் ஆய்வாளர் படிக்க மாட்டார். கூடவே இரண்டு பக்கம் விளக்கம் எழுதுங்கள், நேரக் கணக்கு, முனை இடைவெளி எல்லாம் எண்ணோடு.

#19 லாஸ்பேட்டை நிரலர்

நாலாவது சிக்கலைச் சொல்ல விட்டுவிட்டேன். லதா எழுத்துரு விண்டோஸோடு வருவது. அதன் கோப்பை எடுத்து ராஸ்பெர்ரி பையில் போட்டு விற்க அனுமதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், லோகித் தமிழ் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். எல்லாம் திறந்த எழுத்துரு உரிமம். பொருளோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவைத் திருத்தினால், பெயர் ஒதுக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் வேறு பெயர் வைக்க வேண்டும். லதாவின் அகலம் வேறு, எழுத்துருவை மாற்றியதும் "கருகல்" பொத்தானில் ல் வெட்டுப்படுகிறதா என்று திரையைப் பாருங்கள்.

#20 கெடிலக்கரை

சரி. யோலோவை எடுத்துவிட்டு ஓபன்சிவி மட்டும், பைசைடு 6, நோட்டோ. வெளியாளுக்கும் மாணவர்களுக்கும் பத்திரம். அது முடியும்வரை கார்டைப் படியெடுப்பதில்லை. பழைய இரண்டு இயந்திரம் சோதனைக்கு வெளியே இருக்கிறது, அதில் உள்ள கார்டு?

#21 லாஸ்பேட்டை நிரலர்

திரும்ப வாங்கி மாற்றுங்கள். வாங்கும்போது பழைய கார்டில் உள்ள படத் தொகுப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, எந்தப் பதிப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது என்று குறித்து வையுங்கள்.